மண் ரோட்டில் நின்றுபோகாத வண்டி: ‘டிவிஎஸ்’ என்ற மூன்றெழுத்துக்குள் இருக்கும் திருக்குறுங்குடிக்காரர்

முதல் டர்ட் பைக் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்வியோடுதான் ஷோரூமுக்குள் நுழைகிறார்கள். எவ்வளவு வேகம் போகும்? எவ்வளவு உயரம் தாவும்? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. மண்ணிலும் புழுதியிலும் ஆறு மாசம் அடித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அது ஸ்டார்ட் ஆகுமா? இதை முதல் வண்டியில் யாரும் கேட்பதில்லை. இரண்டாவது வண்டி வாங்கும்போது எல்லாரும் கேட்கிறார்கள்.

இந்த மூன்றாவது கேள்வியையே தொழிலாக மாற்றியவர் ஒருவர் நம்ம திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். 2024 ஜனவரியில் சவூதி அரேபியாவின் பாலைவனத்தில் நடந்த டக்கார் ராலியில், கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா ராலி-2 பிரிவில் முதலிடம் பிடித்தார். ஒட்டுமொத்த பைக் வரிசையில் அவருக்கு 11-வது இடம். அவர் சார்ந்த ஷெர்கோ டிவிஎஸ் அணியின் பெயரில் இருக்கும் மூன்றெழுத்தை நாம் தினமும் ஏதாவது ஒரு வண்டியில் பார்க்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது. ‘டி’ என்றால் திருக்குறுங்குடி. ‘வி’ என்றால் வேங்கராம். ‘எஸ்’ என்றால் சுந்தரம். முழுப்பெயர் டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

ரயில் வந்து ஒரு வருஷம்

நாங்குநேரி, ஏர்வாடி தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது திருக்குறுங்குடி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஊருக்குள் நம்பி கோயில், மலைமேல் மலைநம்பி கோயில், பக்கத்தில் நம்பியாறு. அங்கே 1877 மார்ச் 22-ல் சுந்தரம் பிறந்தார்.

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். திருநெல்வேலிக்கு மணியாச்சி வழியாக ரயில் வந்தது 1876-ல். தாமிரபரணியைக் கடந்து பாளையங்கோட்டையையும் நெல்லையையும் சேர்க்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-லேயே வந்துவிட்டது. ஆக, அவர் பிறந்தபோது பாலம் இருந்தது, ரயிலும் இருந்தது. ரயில் ஸ்டேஷனில் இறங்கியபிறகு ஊர் போய்ச் சேர என்ன வழி என்பதுதான் பிரச்சினை. மாட்டு வண்டி, இல்லையென்றால் நடை. மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்தால் வண்டி இந்தக் கரையிலேயே நிற்கும். இன்று நெல்லையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும் தூரத்துக்கு, அன்று ராத்திரியெல்லாம் மாட்டு வண்டியில் குலுங்க வேண்டியிருந்திருக்கும்.

வக்கீல், ரயில்வே, பேங்க்

சுந்தரம் முதலில் வக்கீலாகத் தொடங்கினார். அப்புறம் ரயில்வேயில் வேலை. அப்புறம் ஒரு வங்கியில். இன்றைய பாஷையில் சொன்னால் மூன்று முறை கரியர் மாறியவர். பிள்ளையைச் சட்டம் படிக்க வைக்க முடிந்த குடும்பம் என்பதால், விழுந்தாலும் தாங்கிக்கொள்ள ஒரு பின்புலம் இருந்தது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனாலும் அந்தக் காலத்தில் வேலையை விட்டுவிட்டுப் போக்குவரத்துத் தொழிலில் இறங்குவது சின்ன விஷயம் இல்லை. இதே திருநெல்வேலி ஜில்லாவில், இன்னொரு வக்கீல் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்திருந்தார். வ.உ.சிதம்பரனாருக்கு என்ன ஆனது என்று ஜில்லா முழுக்கத் தெரியும். 1908-ல் கைது, சிறை, செக்கு. கம்பெனி கைவிட்டுப் போனது. 1911 ஜூனில் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். சுந்தரம் அய்யங்கார் ‘டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ்’ நிறுவனத்தை ஆரம்பித்ததும் அதே 1911-ல்தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் சொந்த ஜில்லா எப்படிக் கொதித்துக்கொண்டிருந்தது என்பது தெரிந்தால், அரசியல் பக்கம் போகாமல் ரோட்டுப் பக்கம் போன அந்த முடிவு வேறு மாதிரித் தெரியும். அவருக்கு அப்போது வயது 34.

லாட ஆணியும் நேரமும்

1912-ல் மதுரையில் பஸ் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் மோட்டார் போக்குவரத்துக்கு அடித்தளம் போட்டவர் என்று அவரைச் சொல்வது இதை வைத்துத்தான்.

பஸ் என்றதும் இன்றைய பஸ்ஸை நினைக்காதீர்கள். முன்னால் கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் எஞ்சின், மேலே மரத்தில் கட்டிய கூடு, சன்னமான டயர். ரோடு என்பது கப்பியும் செம்மண்ணும். அதே ரோட்டில் இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டிச் சக்கரங்கள் வருஷக் கணக்கில் ஓடிப் பள்ளம் பள்ளமாகத் தடம் போட்டிருக்கும். இன்று நாம் காசு கொடுத்து டர்ட் டிராக் தேடிப் போகிறோம். அன்று அந்த டிராக்கில்தான் டிக்கெட் வாங்கிய பயணிகளோடு பஸ் ஓட வேண்டியிருந்தது.

அந்த ரோட்டில் பஸ்ஸை நிறுத்தியது பெரும்பாலும் பஞ்சர். மாட்டுக் குளம்பில் அடித்த லாடத்தின் ஆணிகள் கழன்று வழியெல்லாம் விழுந்து கிடக்கும். ஒரு ஆணி போதும், அன்றைய டிரிப் போச்சு. டிவிஎஸ் பஸ் போவதற்கு முன்னால் காந்தம் கட்டிய ஒரு வண்டியை ஓட்டி, ஆணிகளைப் பொறுக்கி ரோட்டைச் சுத்தம் செய்தார்கள் என்று ஒரு கதை மதுரைப் பக்கம் இன்றும் சொல்லப்படுகிறது. பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள் என்பது இன்னொரு கதை. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். நேரத்துக்கு வருகிறது என்ற பெயர் டிரைவர் வேகமாக ஓட்டுவதால் வராது, வழியில் நிற்காமல் இருந்தால்தான் வரும். காந்த வண்டி செய்தது அதைத்தான்.

அதுவரைக்கும் பஸ் என்பது ஆள் சேர்ந்தால் கிளம்பும், சேராவிட்டால் காத்திருக்கும் ஒரு விஷயம். ஆள் குறைவாக இருந்தாலும் குறித்த நேரத்துக்குக் கிளம்புவது என்றால் முதல் கொஞ்ச நாள் நஷ்டம் நிச்சயம். ஒரு தடவை நம்பிக்கை வந்துவிட்டால் அப்புறம் ஜனங்கள் தங்கள் வேலையை பஸ் நேரத்துக்குத் தக்கபடி வைத்துக்கொள்வார்கள். சந்தைக்குப் போகிறவர், கோர்ட்டுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எல்லாரும். இதைக் கணக்குப் போடத் தெரிந்தவர் சுந்தரம் அய்யங்கார்.

கரியில் ஓடிய பஸ்

அவருடைய வாழ்க்கையை ‘பஸ் விட்டார், பணக்காரர் ஆனார்’ என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். எனக்கு அதைவிட சுவாரஸ்யமாகத் தெரிவது, பஸ்ஸைச் சுற்றி அவர் அடுத்தடுத்து என்னென்ன ஆரம்பித்தார் என்ற பட்டியல்தான். டயர் தேய்ந்து வண்டி நிற்கிறதா, பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலை. வண்டியும் உதிரிபாகமும் கிடைப்பதில் சிக்கலா, சுந்தரம் மோட்டார்ஸும் மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸும். 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் மிகப் பெரிய விநியோகஸ்தராக மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் வளர்ந்திருந்தது. பஸ்களும் லாரிகளும் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் ஓடின. வண்டி எதனால் நிற்குமோ, அது ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பெனி ஆரம்பித்திருக்கிறார் மனிதர்.

இதில் உச்சம் இரண்டாம் உலகப் போர்க் காலம். பெட்ரோலுக்கு ரேஷன். கிடைத்ததெல்லாம் ராணுவத்துக்கு. தனியார் பஸ்கள் ஷெட்டில் முடங்கும் நிலை வந்தபோது அவர் கேஸ் பிளான்ட் தயாரிப்பில் இறங்கினார். அதாவது கரியில் பஸ் ஓட்டும் கருவி.

எப்படி வேலை செய்யும்? பஸ்ஸின் பின்பக்கம் ஒரு பெரிய உருளை. அதில் அடுப்புக்கரியைப் போட்டுப் பற்றவைத்து, காற்றை அளவோடு மட்டும் உள்ளே விடுவார்கள். முழுசாக எரியக் காற்று பத்தாததால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அது எரியக்கூடிய வாயு. அதைக் குளிரவைத்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி எஞ்சினுக்குள் அனுப்பினால் பெட்ரோலுக்குப் பதிலாக அது எரியும். சக்தி கணிசமாகக் குறைந்துவிடும். மேட்டில் ஏறும்போது வண்டி திணறும். காலையில் பஸ் எடுக்கும் முன்னாலேயே ஒருத்தர் வந்து நெருப்பு மூட்டி, வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். வடிகட்டியை ஒழுங்காகச் சுத்தம் செய்யாவிட்டால் சாம்பல் எஞ்சினுக்குள் போய் சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

டர்ட் பைக் வைத்திருக்கிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். மண்ணில் ஓட்டி முடித்ததும் முதலில் கழற்றுவது ஏர் ஃபில்டரைத்தான் என்பார்கள். 80 வருஷத்துக்கு முன் கரி பஸ்ஸின் எஞ்சினைக் கொன்றதும், இன்று புழுதியில் பைக்கின் எஞ்சினைக் கொல்வதும் ஒரே விஷயம்: வடிகட்டியைத் தாண்டி உள்ளே போகும் பொடி.

வீட்டுக்குள் ஒரு போராட்டம்

மகள் சௌந்தரத்தின் கதை இல்லாமல் அவர் வாழ்க்கை முழுமையாகாது. 1904-ல் பிறந்தவர், அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே மணமுடிக்கப்பட்டவர். டாக்டரான கணவர் இளவயதிலேயே இறந்துபோனார். அக்கால அய்யங்கார் குடும்பத்தில் இளம் விதவைக்கு என்ன வாழ்க்கை காத்திருந்தது என்று சொல்லவேண்டியதில்லை. சௌந்தரம் டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டரானார்.

பிறகு, காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொள்ள அவர் விரும்பியபோது வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. இருவரும் ஒரு வருஷம் பிரிந்து இருந்து பார்க்கும்படி காந்தி சொன்னார். அப்படியே இருந்தார்கள், மனம் மாறவில்லை. 1940-ல் காந்தி, கஸ்தூர்பா முன்னிலையில் திருமணம் நடந்தது. திண்டுக்கல் அருகே காந்திகிராமம் 1947-ல் இந்தத் தம்பதியால் உருவானது. சௌந்தரம் பின்னால் மத்திய அரசில் கல்வித் துறை துணை அமைச்சராகவும் இருந்தார். ரோட்டில் காலத்துக்கு முன்னால் போன குடும்பம், இந்த விஷயத்தில் மகளுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

அவருக்குப் பின்

வியாபாரத்தை மகன்களிடம் சீக்கிரமே ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியவர் சுந்தரம் அய்யங்கார். 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானல் வீட்டில் 78 வயதில் இறந்தார். அதற்கு முந்தைய வருஷம், 1954-ல், லாரி வாங்கக் கடன் கொடுக்கும் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கியிருந்தது. 1960-களில் சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, மின்சார பாகங்களுக்கு லூகாஸ் டிவிஎஸ், போல்ட்டு நட்டுக்கு சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். அப்பாவின் பட்டியலைப் பிள்ளைகள் நீட்டிக்கொண்டே போனார்கள்.

பஸ் மட்டும் கைவிட்டுப் போனது. தி.மு.க. ஆட்சியில் பஸ் வழித்தடங்கள் அரசுடைமையானபோது, 1972-ல் மதுரையில் டிவிஎஸ் பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள் ஆயின. நெல்லைக்குக் கட்டபொம்மன் பெயரில் தனிக் கழகம் பின்னர் வந்தது. பஸ்ஸில் பெயர் வாங்கிய குடும்பத்திடம் பஸ்ஸே இல்லாமல் போன பிறகுதான் அவர்கள் இரு சக்கரத்துக்கு வந்தார்கள். 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட்.

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். வாய்க்கால் கரையில், வரப்பு ஓரத்தில், உழுத வயல் முனையில் எந்த வண்டி போகிறது? வாழைத்தாரோ புல்லுக்கட்டோ ஏற்றிக்கொண்டு எக்ஸ்எல் போகும். இந்தப் பள்ளத்தாக்கின் உண்மையான டர்ட் பைக் அதுதான் என்று சொன்னால் பைக் பிரியர்கள் சிரிக்கக்கூடும். தாவாது, வேகமும் கிடையாது. ஆனால் எந்தக் கிராமத்திலும் அதைப் பிரித்துப் போடத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருப்பார்.

வேகத்துக்கு வேறு கதை. டிவிஎஸ்ஸின் ரேஸிங் பிரிவு 1982-ல் தொடங்கியது. 2015-ல் பிரெஞ்சு நிறுவனம் ஷெர்கோவோடு சேர்ந்து டக்காருக்குப் போனார்கள். அந்த 450 சிசி ராலி வண்டி நீங்களும் நானும் ஷோரூமில் போய் வாங்குகிற சரக்கு அல்ல.

அப்போ, முதல் வண்டிக்கு எதைப் பார்ப்பது?

சுந்தரம் அய்யங்கார் பைக் வாங்கியிருந்தால் எதைப் பார்த்திருப்பார் என்று யோசித்தால் பதில் சுலபமாகக் கிடைக்கும். எதனால் நிற்கும், நின்றால் யார் சரிசெய்வார், பாகம் எத்தனை நாளில் வரும்.

மோட்டோகிராஸ் போட்டிக்கென்றே வரும் 250 சிசி வண்டி சுமார் 105 முதல் 110 கிலோதான் இருக்கும். சஸ்பென்ஷன் சுமார் 300 மி.மீ. அமுங்கி எழும். தாவுவதற்கென்றே பிறந்தது. ஆனால் அதற்கு நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஓட்டக் கூடாது. ஒவ்வொரு தடவையும் குட்டி யானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதன் சர்வீஸ் கிலோமீட்டர் கணக்கில் வராது, மணிக்கணக்கில் வரும். இத்தனை மணி நேரம் ஓடினால் ஆயில், இத்தனை மணிக்கு பிஸ்டன் என்று. டூ ஸ்ட்ரோக் என்றால் இன்னும் சீக்கிரம். பவரும் திடீரென்று வரும், புதுசாக ஓட்டுகிறவர் கையில் நிற்காது. பழகுகிறவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கின் நிதானமான இழுவைதான் சரி.

நம்ம ஊரில் பலர் முதல் வண்டியாக ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 பக்கம் போவதற்குக் காரணம் இதுதான். 2019-ல் வந்த வண்டி. பின்னால் வந்த 4வி மாடலின் தரை இடைவெளி 220 மி.மீ., சஸ்பென்ஷன் முன்னால் 190, பின்னால் 170. எடை 160 கிலோவை ஒட்டி. பதிவெண்ணோடு ரோட்டிலும் ஓட்டலாம். அதன் ப்ரோ மாடலில் சஸ்பென்ஷன் 250, 220 வரை போகும். ஆனால் சீட் உயரம் 891 மி.மீ. கால் தரையில் எட்டுமா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மண்ணில் வண்டி சாயும்போது கால் எட்டாவிட்டால் 160 கிலோவும் உங்கள் மேல்தான்.

தாவுவதைப் பற்றி ஒரு விஷயம். 160 கிலோ வண்டி நாலடி உயரத்திலிருந்து இறங்கினால் சஸ்பென்ஷன் அடிவரை போய் முட்டும், ரிம் வளையும், மணிக்கட்டும் போகும். முதல் சில மாசம் இரண்டு சக்கரமும் ஒரு அடிக்குள் மேலே எழும்பினால் போதும். மேட்டில் ஏறும்போது பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் அந்தரத்தில் முன்சக்கரம் கீழே கவிழும். பெரும்பாலான முதல் விபத்து அப்படித்தான் நடக்கிறது. கையில் இருக்கிற பணத்தை முழுசாக வண்டியில் போட்டுவிடாமல் ஹெல்மெட், முழங்கால் கவசம், கணுக்கால் மூடும் பூட்ஸ் மூன்றுக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். வாங்கியபிறகு பார்த்துக்கலாம் என்றால் அது நடக்காது.

அப்புறம் எங்கே ஓட்டுவது? திருக்குறுங்குடிக்கு மேலே உள்ள காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே பைக்கில் சாகசம் செய்ய இடமே இல்லை. தாமிரபரணி ஆற்றுப்படுகையும் வேண்டாம், அது குடிதண்ணீர். சொந்த நிலமோ, உரிமையாளர் சம்மதித்த தரிசோ, முறையாக நடத்தப்படும் டிராக்கோ வேண்டும். மோட்டார் பந்தயத்துக்குப் பேர்போன கோவைப் பக்கம் பயிற்சி தரும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் போய்க் கற்றுக்கொண்டு வந்தால் வண்டியின் ஆயுளும் கூடும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி. ஷோரூமின் சேல்ஸ் பக்கம் விட்டுவிட்டு, பின்னால் இருக்கிற ஸ்பேர்ஸ் கவுண்டருக்குப் போங்கள். கிளட்ச் லீவர், ஏர் ஃபில்டர், முன்சக்கர ரிம், போர்க் ஆயில் சீல். இந்த நாலும் நெல்லையில் கையிருப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் சென்னையிலிருந்து வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.